வென்டோவும் ரேபிடும் ஒரே வண்டிதானா?

3 மார்ச் 2024

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியபடியே தருகிறேன்.

"2013 ஸ்கோடா ரேபிட் பெட்ரோல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதே ஆண்டு, அதே இன்ஜின், ஏறக்குறைய அதே தூரம் ஓடிய ஃபோக்ஸ்வேகன் வென்டோவும் ஒன்று இருக்கிறது. வென்டோ நாற்பதாயிரம் ரூபாய் கூடுதல். இரண்டும் ஒரே வண்டி, முகப்பில் உள்ள சின்னம்தான் வேறு என்கிறார்கள் நண்பர்கள். ஸ்கோடா நமக்குக் கட்டுபடியாகாது, வென்டோ என்றால் எடு என்கிறார் அப்பா. அப்பா சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?"

ஒன்றும் இல்லை. ரேபிடை எடுங்கள், நாற்பதாயிரத்தை டயருக்கும் சர்வீசுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 2012 ரேபிட் பெட்ரோல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. என் மனைவியின் அண்ணனிடம் அதே ஆண்டு வென்டோ பெட்ரோல். இரண்டும் புனே அருகே சாக்கனில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. வென்டோ 2010இல் வந்தது, ரேபிட் 2011 நவம்பரில். இரண்டிலும் அதே 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டிலும் 2552 மில்லிமீட்டர். கோவையில் ஒரே மெக்கானிக்கிடம், ஒரே ஜாக்கியில், இரண்டையும் அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்தவன் நான். அடியில் படுத்துப் பார்த்தால் எது எவருடையது என்று சொல்ல முடியாது. என் வண்டியின் சைலன்சரில் ஒரு கீறல் இருக்கிறது, அதை வைத்துத்தான் நானே அடையாளம் காண்கிறேன்.

4 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "ஒன்றும் இல்லை" என்று எழுதியது தவறு.

கதவுகளும் கூரையும் கண்ணாடிகளும் பொது. பானெட், முன் பம்பர், பின் பம்பர், கிரில், முகப்பு விளக்கு, டிக்கி மூடி, பின் விளக்கு ஆகியவை பொதுவல்ல. ஊரில் ஓடும் வண்டியில் அடிபடுவது எது? ஆட்டோக்காரர் உரசுவது பம்பரில். இரு சக்கர வாகனத்தின் கைப்பிடி இடிப்பது முகப்பு விளக்கில். மாற்ற வேண்டிவந்தால் சட்டைப்பையில் பெரிய ஓட்டை போடும் பாகங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. வென்டோவின் விளக்கை ரேபிடில் வைக்க முடியாது.

ஆகவே ரேபிடைப் பார்க்கப் போகும்போது விளக்குகளைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். விளக்கு உடம்போடு திருகப்படும் இடத்தில் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். அவை உடைந்திருந்தால் வெளியில் தெரியாது.

4 மார்ச், இரவு

ஒருவர் எழுதியிருக்கிறார், ஸ்கோடா ஃபோக்ஸ்வேகனின் மலிவுப் பிள்ளை, அப்பாவின் பயம் நியாயம்தான் என்று. பிள்ளையா! 1895இல் இன்றைய செக் நாட்டில், போஹீமியாவின் ம்லாடா போலெஸ்லாவ் ஊரில் லாரின், கிளெமென்ட் என்ற இருவர் சைக்கிள் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1905இல் கார் செய்துவிட்டார்கள். 1925இல் பில்சென் நகரத்து ஸ்கோடா நிறுவனம் அதை வாங்கியது. ஃபோக்ஸ்வேகன் தொடங்கியதே 1937இல்தான். ஸ்கோடாவின் உயர்ந்த ரகங்களில் ஒட்டியிருக்கும் "எல் அண்ட் கே" அந்த இருவரின் பெயர்தான். ஃபோக்ஸ்வேகன் உள்ளே வந்தது 1991இல், முழுதாக வாங்கியது 2000இல்.

என் அப்பா திருச்சி திருவெறும்பூர் பெல் ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் கொதிகலன் ஆலை 1965இல் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்தது. நான் ரேபிடைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியபோது, இறங்கி வந்து பானெட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "செக்காரன் வேலையா? கெட்டியாக இருக்கும்" என்றார். கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு ஸ்கோடா என்றால் செலவு. என் அப்பாவுக்கு ஸ்கோடா என்றால் முப்பது ஆண்டு பிசகாமல் ஓடிய இயந்திரங்கள். இருவரும் பார்த்தது ஒரே தகட்டைத்தான்.

(கார் பிரிவும் பில்சென் கனரகத் தொழிற்சாலையும் இரண்டாம் உலகப்போர் முடிந்து தேசியமயமானபோதே பிரிந்துவிட்டன. இதை அப்பாவிடம் சொன்னேன். அதனால் என்ன, ஊர் ஒன்றுதானே என்றார்.)

7 மார்ச்

இன்று உதிரிபாகக் கடையில் கண்டது. இதை எழுதத்தான் வந்தேன்.

முன் பிரேக் பேட் வாங்கப் போனேன். கடைக்காரர் மேசைமேல் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். ஒன்றில் ஃபோக்ஸ்வேகன் சின்னம், மற்றதில் ஸ்கோடாவின் இறகு வைத்த அம்பு. "எது வேண்டும்?" என்றார். இரண்டையும் பிரிக்கச் சொன்னேன். பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கடியில் பார்த்தோம். இரண்டிலும் ஃபோக்ஸ்வேகனின் வட்டம், அதன் பக்கத்திலேயே ஆடியின் நான்கு வளையம், கீழே ஒரே எண். ஸ்கோடா பெட்டிக்குள் இருந்ததில் ஸ்கோடாவின் சின்னமே கிடையாது.

விலையும் ஒன்றுதான். பிறகு ஏன் இரண்டையும் வாங்கி வைக்கிறீர்கள் அண்ணா என்று கேட்டேன். "வென்டோக்காரர் ஸ்கோடா பெட்டியைத் தொட மாட்டார் தம்பி. நம் வண்டிக்கு இதைப் போட்டால் சரிவருமா என்பார். ஸ்கோடாக்காரர் ஃபோக்ஸ்வேகன் பெட்டியைச் சந்தோஷமாக வாங்கிப்போவார்" என்றார். முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவர். படிநிலை எப்படி வேலை செய்கிறது என்பதை நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒரே இரும்பு, மேலே இருந்து கீழே வந்தால் பெருமை, கீழே இருந்து மேலே போனால் சந்தேகம்.

8 மார்ச்

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதல் மூன்று இடங்கள் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வரையப்பட்டது என்பதைச் சொல்லும். பிறந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஜே என்று தொடங்கினால் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப். 1யு என்றால் முதல் ஸ்கோடா ஆக்டேவியா. 6ஆர் என்றால் ஐந்தாம் தலைமுறை போலோ. 5ஜே என்றால் இரண்டாம் ஃபேபியா. பழைய ஆக்டேவியாவின் அடியில் படுத்தால் 1ஜே என்று தொடங்கும் பாகங்கள் நிறையத் தெரியும், அவை கோல்ஃப் வீட்டிலிருந்து வந்தவை.

அடுத்த மூன்றில் முதல் இலக்கம் வண்டியின் பகுதி. 1 இன்ஜின், 3 கியர்பாக்ஸ், 4 முன் அச்சு, 5 பின் அச்சு, 6 சக்கரமும் பிரேக்கும், 8 உடம்பு, 9 மின்சாரம். நான் வாங்கிய பேடில் நடுவிலும் அதையடுத்தும் இருந்தது 698 151, அதாவது முன் பிரேக் பேட். 411 105 என்றால் முன் ஸ்பிரிங். கோல்ஃபிலும் அதுதான், போலோவிலும் அதுதான், ஆடியிலும் அதுதான்.

கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தோ இரண்டோ வரும். திருத்தங்களும் வகைகளும் அதில். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இன்னொரு நாள்.

10 மார்ச்

நான் மறந்த ஒன்றை ஒருவர் நினைவூட்டினார்: ஐரோப்பாவிலும் ரேபிட் என்று ஒரு ஸ்கோடா இருந்ததே, அதுவும் வென்டோதானா? இல்லை. அது வேறு வண்டி. 2012இல் வந்தது, பின்கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி திறக்கும், அச்சுகளின் இடைவெளி 2602 மில்லிமீட்டர். அதன் உடன்பிறப்பு, குழுமத்தின் ஸ்பானியச் சின்னமான சீட் விற்ற டொலீடோ. நம் ஊர் ரேபிட் வென்டோவுக்கு ஸ்கோடா முகம் வைத்தது. இணையத்தில் பெயரை மட்டும் பார்த்து வெளிநாட்டிலிருந்து விளக்கோ பம்பரோ வரவழைத்துவிடாதீர்கள்.

பெயர் ஒன்று, வண்டி வேறு. பெயர் வேறு, வண்டி ஒன்று. இரண்டும் ஒரே குழுமத்துக்குள்.

13 மார்ச்

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் மச்சானின் வென்டோவும் என் ரேபிடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாப்பிட்டு வந்து வெற்றிலை போட்டபடி மச்சான் சொன்னார்: "மாப்பிள்ளை, என்னதான் சொன்னாலும் ஜெர்மன் வண்டியின் கதவுச் சத்தம் தனிதான்." சொல்லிவிட்டு வென்டோவின் கதவை அறைந்து காட்டினார்.

மேலே எழுதியிருக்கிறேன், கதவு பொது. அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இரண்டு கதவுகளையும் மாற்றி மாற்றிச் சாத்தினேன். ஐந்து முறையில் மூன்று முறை ரேபிடின் கதவை ஜெர்மன் என்றார். இதைச் சொல்லி அவரைத் தோற்கடிக்க எழுதவில்லை. காதுக்குள் அவருக்கு உண்மையாகவே அந்தச் சத்தம் கேட்டது. சின்னத்தைப் பார்த்த கண் காதுக்குச் சொல்லிவிடுகிறது.

16 மார்ச்

எனக்கும் அதே நோய் உண்டு என்று தெரிந்தது.

வேகத்தடையில் ரேபிட் மென்மை, வென்டோ கொஞ்சம் இறுக்கம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கோடாவுக்கு சஸ்பென்ஷனை வேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள் என்று விளக்கமும் தருவேன். நேற்று இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து வந்தோம். வென்டோ என்னுடையதைவிட மென்மையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மச்சான் ஜனவரியில் நான்கு டயரும் புதிதாகப் போட்டிருக்கிறார். என்னுடையவை ஐந்து ஆண்டுப் பழசு, ரப்பர் கல்லாகிவிட்டது. முன்பு அவருடையவை பழசாகவும் என்னுடையவை புதிதாகவும் இருந்திருக்கின்றன.

சஸ்பென்ஷனில் வேறுபாடே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நான் உணர்ந்தது அது அல்ல, டயர்.

17 மார்ச்

"அடித்தளம் ஒன்று என்றால் எல்லாம் ஒன்று" என்று எழுதிய தம்பிக்கு: ஆடி டிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டிடி, நான்காம் கோல்ஃபும் முதல் ஆக்டேவியாவும் உட்கார்ந்த அதே அடித்தளத்தில்தான் உட்கார்ந்தது. ஃபெர்டினாண்ட் பியெக் 1993இல் ஃபோக்ஸ்வேகனின் தலைமைக்கு வந்ததும் குழுமத்தின் அடித்தளங்களைக் குறைக்கத் தொடங்கினார், அதன் பலன் அந்தத் தலைமுறை. ஆனால் டிடிக்கு மட்டும் ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் பின்பக்கம் நிலைகுலையும் விபத்துகள் நடந்தன. உருண்டையான அந்த அழகிய உடம்பின் பின்பகுதியை வேகத்தில் காற்று மேலே தூக்கியது. 1999 கடைசியில் தொடங்கி விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, பின்னால் சிறிய இறக்கை ஒட்டி, வண்டி நிலைகுலையாமல் தடுக்கும் மின்னணுக் கருவியும் பொருத்தினார்கள். கோல்ஃபுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. இருப்பதில் விலை உயர்ந்ததுக்குத்தான் வந்தது.

23 மார்ச்

கடைசி எழுத்தைப் பற்றி.

போன ஆண்டு நண்பர் ஒருவரின் ரேபிடுக்கு முன் ஸ்பிரிங் தேவைப்பட்டது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வென்டோவின் ஸ்பிரிங் ஒரு ஜோடி நல்ல நிலையில் கிடைத்தது. 411 105 என்று இருந்தது. வாங்குங்கள், வென்டோவும் ரேபிடும் ஒன்றுதானே என்று நான்தான் சொன்னேன். போட்டு இறக்கியதும் வண்டி மூக்கைக் குனிந்து நின்றது. சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைந்தது, முன்பு நான்கு விரல் நுழையும்.

மெக்கானிக் மறுபடி கழற்றி, ஸ்பிரிங்கின் சுருளில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தார். உள்ளே சிறிய வண்ணப் புள்ளிகள். பழையதில் ஒரு வரிசை, புதியதில் வேறு வரிசை. எண்ணின் கடைசி எழுத்தும் வேறு. நண்பரின் ரேபிட் டீசல். நாங்கள் வாங்கியது பெட்ரோல் வென்டோவின் ஸ்பிரிங். டீசல் இன்ஜின் கனம் கூடியது, அதைத் தாங்க வேறு ஸ்பிரிங்.

அவருக்கு இரண்டு நாள் கூலியும் ஸ்பிரிங் விலையும் போனது. கூலியை நான் கொடுத்தேன். அன்றைக்குப் புரிந்தது: எல்லைக்கோடு சின்னத்தின் மேல் ஓடவில்லை. என் பெட்ரோல் ரேபிடுக்கு நெருங்கிய சொந்தம் மச்சானின் பெட்ரோல் வென்டோ. நண்பரின் டீசல் ரேபிட் அதைவிடத் தூரத்துச் சொந்தம். நாம் எல்லோரும் முகப்பைப் பார்த்துக் கூட்டம் பிரிக்கிறோம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். சர்வீஸ் புத்தகத்திலும் அதன் படி ஒன்று. மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் வரிசையாக அச்சாகியிருக்கும். எந்த அளவு பிரேக், எந்தக் கன ஸ்பிரிங், எந்த நிறம், எல்லாம் அதில். கடையில் அதைக் காட்டுங்கள். "ரேபிட்டுக்கு வேண்டும்" என்று கேட்பதைவிட அது நூறு மடங்கு பயன்.

24 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு நண்பரே அழைத்தார். கூலி மட்டுமல்ல, ஸ்பிரிங் விலையில் பாதியையும் நான் கொடுத்தேனாம். அதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

30 மார்ச்

சின்னம் மேலே, சின்னம் கீழே என்ற பேச்சு நம் ஊரோடு நிற்கவில்லை. 2016இல் ஸ்கோடா விற்ற நூறு ரூபாய்க்கு 8.7 ரூபாய் லாபம் பார்த்தது. அதே ஆண்டு ஃபோக்ஸ்வேகன் என்ற சின்னம் பார்த்தது 1.8. அடித்தளம் அதே, இன்ஜின் அதே, செக் நாட்டில் கூலி குறைவு. 2017இல் ஜெர்மன் தொழிற்சங்கத்தினர் கொதித்தார்கள்: எங்கள் பொறியியலை எடுத்துக்கொண்டு எங்களுக்கே போட்டியாக விற்கிறார்கள், ஸ்கோடாவின் உற்பத்தியில் ஒரு பங்கை இங்கே கொண்டு வாருங்கள் என்று. செக் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வாங்குபவனுக்கு ஆக்டேவியா நல்ல பேரம் என்று படும் அதே காரணம், ஃபோக்ஸ்வேகனின் தலைமை ஆலை இருக்கும் உல்ஃப்ஸ்பர்க்கில் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனுக்கு அவன் வேலை போகும் காரணமாகத் தெரிந்திருக்கிறது. இதை நான் முன்பு இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை.

6 ஏப்ரல்

டஸ்டரும் டெரானோவும் இப்படித்தானா என்று கேட்கிறார் செங்கல்பட்டிலிருந்து ஒருவர். இப்படித்தான், இன்னும் வேடிக்கை கூடுதல். 1999இல் ருமேனியாவின் டாசியாவை ரெனோ வாங்கியது. 2010இல் டாசியா டஸ்டர் ஐரோப்பாவில் வந்தபோது அது சிக்கனக்காரர்களின் வண்டி. 2012இல் நம் ஒரகடம் ஆலையிலிருந்து ரெனோ சின்னத்தோடு வெளிவந்தபோது நம் தெருவில் அது பெரிய மனிதர் வண்டி. 2013இல் அதே ஆலையிலிருந்து முகத்தை மாற்றி, நிஸான் டெரானோ என்று அதைவிடக் கூடுதல் விலையில் வந்தது. ஒரே எலும்புக்கூடு மூன்று சாதி. ஒரகடத்தில் வேலை பார்த்த என் கல்லூரி நண்பன் சொல்வான், வண்டி வரிசையில் வரும்போது கிரில் மாட்டும் இடம் வரை எது எது என்று தூரத்திலிருந்து தெரியாது என்று.

14 ஏப்ரல்

புத்தாண்டு நாளில் ஒரு கசப்பான குறிப்பு, ஆனால் இந்தப் பேச்சில் விடக்கூடாது. பாகம் பொது என்றால் பிழையும் பொது. 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வேகன் குழுமம் மென்பொருள் வைத்துப் புகை அளவை மறைத்த டீசல் இன்ஜின் விவகாரம் வெடித்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகள். டிசம்பரில் இந்தியாவில் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டவை 3,23,700. அதில் ஃபோக்ஸ்வேகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. ஆடிக்கு இரு மடங்கு கொடுத்தவரும் அந்த வரிசையில் நின்றார். மென்பொருள் சின்னம் பார்க்கவில்லை.

21 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வென்டோவையே எடுத்துவிட்டாராம்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்திருக்கிறார். ரேபிடின் ஸ்டெப்னிப் பள்ளத்தில் ஒட்டுத்தாள் இல்லை, சர்வீஸ் புத்தகமும் இல்லை. இடது முகப்பு விளக்கை அசைத்தபோது ஆடியிருக்கிறது. காது உடைந்து, பசை வைத்து ஒட்டியிருந்ததாம். வென்டோவில் ஒட்டுத்தாள் அழுக்கில்லாமல் இருந்தது, புத்தகமும் இருந்தது. சரியான முடிவு. மார்ச் 3இல் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் தவறான வண்டியை எடுத்திருப்பார்.

வென்டோவில் முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்கிறார். கடையில் அன்று பிரித்த இரண்டு பெட்டியையும் நான்தான் வாங்கினேன். ஒன்றைப் போட்டுவிட்டேன். ஸ்கோடா பெட்டியில் இருந்தது அலமாரியில் சும்மா இருக்கிறது. ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிரேக் குறியீடு என்னுடையதோடு பொருந்தினால் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். பெட்டியைப் பார்த்து அவருடைய அப்பா தயங்கினால், பேடைத் திருப்பி முதுகுத் தகட்டைக் காட்டட்டும்.